பொன்னும் பங்குச் சீட்டும்

பலர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவன் பாகம் குறையும். இது சிறுவரும் அறிந்த கணக்கு. ஆனால் பங்கிடுதற்குப் பொருள் உண்டா என்பதன்றோ முதற் கேள்வி? அதனைக் கேளாதார் அடைந்த கதியைப் பிரி-எக்ஸ் கம்பெனியின் சரித்திரம் கூறும்.

கனடா தேசத்துக் கல்கரி நகரத்ததான இக்கம்பெனி, 1993ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானிலுள்ள பூசாங் காட்டில் பொன் தேடலாயிற்று. ஏராளமான பொன் உண்டென்று அறிக்கைகள் வெளிவந்தன. சில காசுகளுக்கு விற்ற பங்கு, 1996இல் 200 கனடா டாலரையும் கடந்தது. உழைத்துச் சேர்த்த சிறு தொகையை அதில் இட்டோர் ஆயிரக்கணக்கானோர்.

1997 பிப்ரவரியில் இந்தோனேசிய சர்க்காரின் விருப்பப்படி சுரங்கம் பங்கிடப்பட்டது. பிரி-எக்ஸுக்கு 45 சதவிகிதம், அமெரிக்காவின் பிரீபோர்ட் கம்பெனிக்கு 15, உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 30, சர்க்காருக்கு 10. நம் பாகம் குறைந்ததே, பெரிய கம்பெனி முழுவதையும் வாங்கிக்கொள்ளுமா என்று சிறு பங்குதாரர் கணக்கிட்டனர்.

பிரீபோர்ட் தானே துளையிட்டுச் சோதித்தது. குறிப்பிடத்தக்க பொன் இல்லையென்பது மார்ச்சு மாதத்தில் வெளியாயிற்று. பொடித்த கல்லில் வேறிடத்துப் பொன் கலக்கப்பட்டதென்று மே மாதத்தில் தனி ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். துளைத்தெடுத்த கல்லில் பாதியை மறுசோதனைக்கென வைத்தல் வழக்கம். பிரி-எக்ஸ் பெரும்பாலும் முழுவதையும் பொடித்துவிட்டது. ஏனென்று கேட்டவர் சிலரே. பங்குகள் வெறுங் காகிதமாயின.

பெரியோர் சேர்ந்தனர், சர்க்கார் சேர்ந்தது என்பன பொன்னுக்குச் சாட்சியாகா. இல்லாத பொருளில் 45 சதவிகிதமும் ஒன்றே, 90 சதவிகிதமும் ஒன்றே. பணம் இடுமுன், கல்லைச் சோதித்தவன் விற்பவனுடைய ஆளா என்று கேளுங்கள். அக்கேள்வியே ஏழையின் பணப்பெட்டிக்குப் பூட்டு.