இரைச்சல் என்று பெயரிடப்பட்ட இசை



இந்த நினைவுப் பொழிவுக்கு ஓர் இசைத்தொகுப்பைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் ‘மகிழ்ச்சி’. இத்தகைய இசையைக் கேட்டதும் “ஒரே இரைச்சல்” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எது இசை, எது இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், அது சாதியின் வரலாறாகவே விரியும்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இக்குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு. ‘சாதிபேதமற்ற’ என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லே அதன் பெயருக்கு மூலம். கானா, ராப், ராக் மூன்றும் அங்கே மோதிக்கொண்டன. பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஈடாக ஒலித்தன. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடிய குரல்களில் மெருகு இல்லை. தெருவின் கரகரப்பு அப்படியே இருந்தது.

இந்தச் சத்தத்துக்குப் பின்னால் மூன்று கட்டங்களைப் பார்க்கிறோம்.

முதலாவது, கட்டாயம். ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து பறை போக வேண்டும். தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறி மாறி விழும் அந்த நுட்பமான கலையை, அடிமை ஊழியத்தின் அடையாளமாக ஊர் ஆக்கி வைத்தது. இரண்டாவது, மறுப்பு. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை விட்டொழிக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார். மூன்றாவது, மீட்பு. 1990களில் மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களிலும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் கையிலும் பறை விடுதலைக் கருவியாயிற்று.

‘மகிழ்ச்சி’ இந்த மூன்றாம் கட்டத்தில் நிற்கிறது. அதில் ராக் இருப்பதை மேற்கத்திய மோகம் என்று தள்ள முடியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸில் வேர்விட்டது ராக். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் 1940களிலேயே பக்திப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரை அதிர வைத்தார். ஆண்களின் களமாக இருந்த கானாவைப் பாட வந்த இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஒடுக்கப்பட்டவர்கள் ஒலியைக் கூட்டியதற்கு உலகமெங்கும் ஒரே காரணம்தான்: மெல்லப் பேசியபோது யாரும் காது கொடுக்கவில்லை.

ஆனால் இளைஞர்கள் இரண்டாம் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. தாமிரபரணி கடலில் கலக்கும் இந்த ஆத்தூர்ப் பக்கமானாலும் சரி, வேறெந்த ஊரானாலும் சரி, மேடையில் பறைக்குக் கைதட்டுகிறவர், தன் ஊர்ச் சாவுக்கு அடிக்க வர மறுப்பவரையும் மதிக்கிறாரா என்று கேட்க வேண்டும். அடிக்கிற உரிமையோடு, அடிக்க மாட்டேன் என்று குச்சியைக் கீழே வைக்கிற உரிமையும் கலைஞர் கையில் இருந்தால்தான் அது கலை. இல்லையென்றால், எத்தனை ஒலிபெருக்கி கட்டினாலும் அது பழைய ஊழியமே.

இந்தத் தொகுப்பைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், உங்கள் ஊரில் யார் யாருக்காக, எந்தக் கூலிக்கு, யார் விருப்பத்தில் பறையடிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த வரலாறு இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

ஜெய்பீம்!