பத்து ரூபாய் பல்பும் அப்பாவின் வைத்தியமும்

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ராத்திரி. அரக்கோணத்துல இருந்து திருத்தணி பதினஞ்சு கிலோமீட்டர்கூட வராது. அப்பா விட்டுட்டுப் போன பழைய கார்ல அம்மாவையும் பெரியப்பாவையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். (கார் பேரைச் சொல்லி வம்பு வேண்டாம்.) ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள ஹெட்லைட் மஞ்சளா மங்கிடுச்சு. ஹாரன் அடிச்சா தவளை கத்துற மாதிரி சத்தம்.

நமக்குத்தான் இன்ஜினியரிங் டிகிரி இருக்கே! பானெட்டைத் தூக்கி, இன்ஜினை நல்லா ரேஸ் பண்ணி வெச்சுக்கிட்டு, பேட்டரி டெர்மினலைக் கழட்டினேன். வண்டி ஓடினா சார்ஜ் வருது, நின்னா வரலை. சின்ன வயசுல அப்பா இப்படித்தான் செஞ்சு பார்ப்பார். ஹெட்லைட் ஒரு கணம் பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது. "பாத்தீங்களா, சார்ஜ் ஆகுது"ன்னு பெருமையா டெர்மினலைத் திரும்ப மாட்டினேன். அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல வண்டி மூச்சை விட்டுடுச்சு. அம்மா பஸ்ல நின்னுக்கிட்டே திருத்தணி போனாங்க. பெரியப்பா மட்டும் எனக்குத் துணைக்கு இருந்தார்.

பெரியப்பா ரயில்வேயில கோச் லைட்டிங் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "டேய், உங்கப்பன் செஞ்சது டைனமோ வண்டியில. இது ஆல்டர்னேட்டர். ரெண்டும் ஒண்ணாடா?" அந்த ஒத்தைக் கேள்வியில நூத்தித் தொண்ணூறு வருஷ வரலாறு இருக்கு.

1831-ல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிச்சார். அடுத்த வருஷமே பாரீஸ்ல ஹிப்போலிட் பிக்ஸி கையால சுத்துற ஜெனரேட்டர் செஞ்சார். காந்தம் சுத்தினா இயல்பா வர்றது திசை மாறிக்கிட்டே இருக்கிற ஏசி. அப்போ யாருக்கும் அதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியலை. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி பிக்ஸி அதுல கம்யூட்டேட்டரைச் சேர்த்து டிசி ஆக்கினார். டைனமோவோட உயிர்நாடி இந்த கம்யூட்டேட்டர்தான். ஏசியை டிசி ஆக்குற வேலையைச் செம்புத் துண்டும் கார்பன் பிரஷ்ஷும் உரசி உரசியே செய்யும்.

காருக்கு முன்னாடி இந்த டைனமோ ஏறினது ரயில்ல. 1890-கள்லயே ஸ்டோன் கம்பெனியோட முறையில, ரயில் பெட்டிக்கு அடியில தொங்குற டைனமோவை அச்சுல இருந்து பெல்ட் போட்டுச் சுத்த வெச்சாங்க. ரயில் வேகம் கூடினா மின்சாரமும் கூடி பல்பு போயிடாதா? அதுக்காக டைனமோவை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டாங்க. இழுவை அதிகமானா பெல்ட் தானே வழுக்கும், டைனமோ வேகம் அளவோட நிக்கும். ஒரு சிப் கிடையாது, ஒரு வரி கோட் கிடையாது. பொட்டி தட்டுற எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-ல் போட்ட பாதையில வளர்ந்த ஊர் அரக்கோணம். ஸ்டேஷன்ல வண்டி நின்னதும் விளக்கு லேசா டல்லடிக்கிறதைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பாங்க. சக்கரம் நின்னா டைனமோவும் நிக்கும், அப்புறம் பேட்டரிதான் கதி. பிறகு பெட்டிகள்ல 110 வோல்ட் ஆல்டர்னேட்டர் வந்தது.

காருக்கு வருவோம். 1912-ல் கேடிலாக் கார்ல கெட்டரிங் செஞ்ச எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததும், பேட்டரியும் அதைச் சார்ஜ் பண்ண ஒரு இயந்திரமும் காருக்குக் கட்டாயமாச்சு. அரை நூற்றாண்டுக்கு டைனமோ ராஜ்யம். நம்ம ஊர் ஆரம்ப கால அம்பாசடர், பியட் 1100 எல்லாம் டைனமோ வண்டிதான். 1961-ல் ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ், இந்தியக் கார்களுக்கான மின்சாமான்களைச் சென்னை பாடியிலயே செய்ய ஆரம்பிச்சது.

டைனமோவுக்குப் பெரிய குறை ஒண்ணு: மொத்தக் கரண்டும் சுத்துற ஆர்மேச்சர்ல இருந்து பிரஷ் வழியா வரணும். ரொம்ப வேகமா சுத்தவிட முடியாது. அதனால இன்ஜின் ஐடிலிங்ல இருந்தா சார்ஜ் ஏறாது. ஆல்டர்னேட்டர்ல ஏற்பாடு தலைகீழ். சுத்துறது காந்தம். அதுக்குப் பிரஷ் வழியா ரெண்டு மூணு ஆம்பியர் கொடுத்தா போதும். வெளியே நிலையா இருக்கிற சுருள்ல மூணு ஃபேஸ் ஏசி கிளம்பும். அதை டிசி ஆக்க ஆறு டயோடு. கைக்கடக்கமான, சூடு தாங்கற சிலிக்கான் டயோடு கிடைச்ச பிறகுதான் இது காருக்குச் சாத்தியமாச்சு. 1960-ல் கிரைஸ்லரோட வேலியன்ட் கார்ல ஸ்டாண்டர்டாவே வந்தது.

என் தப்பு இங்கதான். காலியான பேட்டரி ஏகப்பட்ட கரண்டை உறிஞ்சிக்கிட்டு இருக்கும்போது டெர்மினலைக் கழட்டினா, அந்தக் கரண்டுக்குப் போக இடமில்லாம வோல்டேஜ் எகிறும். பழைய டைனமோவுல எரிஞ்சு போக சிலிக்கான் எதுவும் இல்லை. ஆல்டர்னேட்டர் டயோடுக்கு ஒரு கணம் போதும். நான் பார்த்துப் பெருமைப்பட்ட அந்தப் பளீர் வெளிச்சம், அது செத்த வெளிச்சம்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் கழட்டிப் பார்த்தார். டயோடு, ரெகுலேட்டர் ரெண்டும் காலி. "தம்பி, சாவி போட்டா டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரியுமா?"ன்னு கேட்டார். ஒரு மாசமாவே எரியலை. எர்ரர் லாக் காலியா இருந்தா புரோகிராம் நல்லா ஓடுதுன்னு நினைக்கிற புத்தி எனக்கு!

அந்த லைட் வெறும் எச்சரிக்கை இல்லை. அந்தக் கால ஆல்டர்னேட்டர் நிறையவற்றுல காந்தத்தை முதல்ல எழுப்புற கரண்டே அந்த பல்பு வழியாத்தான் போகும். பல்பு ஃபியூஸ் ஆனா ஆல்டர்னேட்டர் தூங்கும். ஹைவேயில வேகமா போனா மிச்ச காந்தத்துல எப்படியோ முழிச்சுக்கும், ஊருக்குள்ள உருட்டினா முழிக்காது. ஆக, முதல் வியாதி பத்து ரூபாய் பல்பு. மத்த மூவாயிரமும் என் வைத்தியம் :-)

பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு, மல்டிமீட்டரோட செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாவி போட்டா சிவப்பு லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்தினா அரை அங்குலம் இறங்கலாம், அதுக்கு மேல தளர்வு. ராத்திரி முழுக்க நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். இன்ஜின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.5 வரைக்கும். ஹெட்லைட் போட்டதும் 13-க்குக் கீழ இறங்கினா சந்தேகப்படுங்க. ஆல்டர்னேட்டர் முனையில சரியா இருந்து பேட்டரியில மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா, கோளாறு வயர்ல. மீட்டரை ஏசிக்கு மாத்தி பேட்டரியில வெச்சா அரை வோல்ட்டுக்கு மேல வருதா? டயோடு போயிருக்கலாம். டெர்மினலை மட்டும் தொடாதீங்க.

வண்டி சரியானதும் பெரியப்பாகிட்ட, "அப்பா தப்பா சொல்லிக் கொடுத்துட்டாரு"ன்னேன். "அவன் எங்கடா சொல்லிக் கொடுத்தான், நீயா பாத்த. அவன் வண்டிக்கு அது சரி"ன்னார். அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கலை.

அடுத்த கிருத்திகைக்கு அம்மாவை அதே கார்லதான் கூட்டிட்டுப் போனேன். மலை ஏறி முடிக்கிற வரைக்கும் ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு அந்தச் சிவப்பு லைட் மேல.