ஒரே தோட்டம், இரண்டு கொட்டகை: காடையையும் கோழியையும் ஒன்றாக வளர்ப்பது குறித்து

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் வில்லியனூரைக் கடந்தால் அரியூர். அதை அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் விளையும் இப்பகுதியில், வீட்டுத் தோட்டத்தில் மேயும் நாட்டுக்கோழி பெண்களின் கைச்செலவுக்கு நெடுங்காலமாகத் துணை நிற்கிறது. ஐந்து வாரத்தில் விற்பனை எடையை எட்டும் காடை இந்தச் சிறு வருமானத்தைப் பெருக்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கோழிக் கொட்டகை ஏற்கெனவே இருக்கும்போது, காடையையும் அதிலேயே விட்டால் என்ன என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

கோழி காடையைக் கொத்திவிடும், ஆகையால் சேர்க்க வேண்டாம் என்பதே வழக்கமான விடை. அது உண்மைதான், ஆனால் காரணங்களுள் அது சிறியது. காடை எளிதில் நோய்வாய்ப்படாது என்ற அதன் புகழே, அதைக் கோழியிடமிருந்து பிரித்து வளர்க்க வேண்டியதற்கான முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காடையின் வரவு

இங்கு வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடை. 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்ட இப்பறவை, பின்னர் அங்குள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகிய இனங்களை உருவாக்கியது. ஜப்பானியக் காடையை நம் வயல்வெளிக் காடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உடலும் தீவனமும்

பொரித்த காடைக்குஞ்சின் எடை 7 அல்லது 8 கிராம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் இடாவிட்டால் அதில் மூழ்கியே இறந்துவிடும். கோழிக்கு வைக்கும் தண்ணீர்த் தொட்டி இக்குஞ்சுக்கு ஒரு குளம். வளர்ந்த காடையும் 150 முதல் 200 கிராம்தான். அச்சமுற்றால் செங்குத்தாக மேலெழும்பித் தலையைக் கூரையில் மோதிக்கொள்ளும்; எனவே அதற்குத் தாழ்வான கூண்டே ஏற்றது. கோழிக்கோ ஏறி அடையக் கழி வேண்டும், கொட்டகைக்கு உயரம் வேண்டும். மாலையானால் கோழி தானே கூடு திரும்பும். திறந்துவிட்ட காடை பறந்து போய்விடும், திரும்பி வராது.

தீவனத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. இளங்காடைக்குத் தீவனத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் புரதம் தேவை. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 விழுக்காடு போதும். ஆனால் ஓட்டுக்காக 3 முதல் 4 விழுக்காடு சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்த அளவு சுண்ணாம்பு வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காடைத் தீவனத்தைக் கோழி தின்றால் பணம் வீணாகிறது; கோழித் தீவனத்தைக் காடைக்குஞ்சு தின்றால் வளர்ச்சி குன்றுகிறது.

அடைக்கோழியின் கீழ் காடை முட்டை

வளர்ப்புக் காடை அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகவே வான்கோழி முட்டையையும் கினிக்கோழி முட்டையையும் நாட்டுக்கோழிக்கு அடை வைத்துப் பழகியவர்கள் காடை முட்டையையும் அப்படியே வைக்க முற்படுவார்கள். காடை முட்டை 10 முதல் 12 கிராம். கோழியின் எடையில் அதன் மெல்லிய ஓடு நொறுங்கக்கூடும். பொரிக்கும் காலமும் வேறு: காடைக்கு 17 அல்லது 18 நாள், கோழிக்கு 21 நாள். இரண்டையும் ஒன்றாக அடை வைத்தால், முதலில் பொரித்த காடைக்குஞ்சுகளோடு தாய்க்கோழி எழுந்துவிட, கோழி முட்டைகள் குளிர்ந்து கெடும்.

நோய் தாங்கும் பறவை

காடைக்குத் தடுப்பூசி தேவையில்லை என்று வளர்ப்புக் கையேடுகள் சொல்கின்றன. சிறு வளர்ப்பாளரைக் காடையின்பால் ஈர்ப்பதும் இதுவே. கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் காடையை அவ்வளவு எளிதில் வீழ்த்துவதில்லை. ஆனால் நோய் காட்டாமல் இருப்பதும் நோய்க்கிருமி இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. தொற்றுக்கு உள்ளான காடை நலமாகத் தோன்றிக்கொண்டே வெள்ளைக் கழிச்சல் வைரசை வெளியேற்ற முடியும். தடுப்பூசி போடாத கோழி அதன் அருகிலிருந்தால், நோய் எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல் கொட்டகை காலியாகும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. கிளாஸ்ட்ரிடியம் கொலினம் என்னும் பாக்டீரியாவால் வரும் குடற்புண் நோய் முதலில் காடைகளில் அறியப்பட்டது. இதற்கு மிக எளிதில் பலியாவதும் காடையே. கோழிக்கும் இது வரும். நோயிலிருந்து மீண்ட பறவையின் எச்சத்தில் கிருமி வெளிப்படும். அதன் வித்துகள் கூளத்தில் நெடுங்காலம் உயிர்த்திருக்கும். ஆக, ஒரே கூளத்தில் ஒவ்வொரு பறவையும் தான் தாங்கும் கிருமியை, அதைத் தாங்காத மற்றதன் காலடியில் இடுகிறது.

ஆங்காங் தரும் பாடம்

1997-இல் ஆங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 மனிதரைத் தொற்றி அறுவரைக் கொன்றது. அதே ஆண்டில் அங்கு ஒரு காடையிலிருந்து எடுக்கப்பட்ட எச்9என்2 வைரசின் உள்மரபணுக்கள், மனிதரைத் தாக்கிய எச்5என்1 வைரசினுடையதை நெருக்கமாக ஒத்திருந்தன. பறவை வைரஸ் பற்றும் ஏற்பிகளும் பாலூட்டி வைரஸ் பற்றும் ஏற்பிகளும் காடையின் மூச்சுக்குழலில் ஒருசேர உள்ளன. வெவ்வேறு வைரஸ்கள் அதனுள் சந்தித்து மரபணுக்களை மாற்றிக்கொள்ள இது வழிவிடுகிறது. 2002-இல் ஆங்காங் அரசு உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்து காடையை விலக்கியது.

இது தொலைவில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. அந்தக் காடை வைரசின் பெயரால் ஜி1 என அழைக்கப்படும் கிளையைச் சேர்ந்த எச்9என்2 வைரஸ்களே இந்தியக் கோழிகளிடையே பரவியுள்ளன. 2019-இல் மகாராட்டிர மாநிலம் மேல்காட்டில் ஒரு குழந்தையிடம் எச்9என்2 தொற்று கண்டறியப்பட்டது.

அரியூரின் இடமும் பருவமும்

வில்லியனூர் வட்டாரத்தின் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வருவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில். பறவைக் காய்ச்சல் வைரசின் இயற்கை இருப்பிடம் நீர்ப்பறவைகளே. கொட்டகைக் கூளம் நனைந்து கிருமி பெருகுவதும் அதே பருவத்தில்தான். வெளியே மேய்ந்து திரும்பும் கோழி, ஈரக் கூளத்தில் காடையோடு இரவைக் கழிப்பது இந்த நிலத்தில் மிகத் தவறான ஏற்பாடு. பறவைக் காய்ச்சல் உறுதியானால், மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பறவைகள் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நீளும். அரியூரை மையமாகக் கொண்டால் அந்த வட்டம் புதுச்சேரி, தமிழ்நாடு என இரு நிர்வாகங்களின் ஊர்களையும் உள்ளடக்கும். ஒரு வீட்டின் வசதி அத்தனை வீடுகளின் கோழிகளையும் பாதிக்கும்.

எதிர்வாதங்கள்

நம் முன்னோர் கோழி, வாத்து, வான்கோழி எல்லாவற்றையும் ஒரே முற்றத்தில் வளர்க்கவில்லையா என்று கேட்கலாம். அவை பகலில் திறந்தவெளியில் பரவி மேய்ந்தன. காடையோ அடைத்து வளர்க்கப்படுவது. அடைப்பு நெருக்கத்தைக் கூட்டுகிறது. இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணிகள் கோழிக்கு வேறு, காடைக்கு வேறு; ஒன்றினது மற்றதைத் தொற்றாது என்பது உண்மையே. ஆனால் ஒரு நோயில் கிடைக்கும் பாதுகாப்பு வேறு நோய்க்கு உதவாது. இடப்பற்றாக்குறையும் தடையாகாது: 4 அடி நீளம், 2.5 அடி அகலம், 1.5 அடி உயரம் கொண்ட ஒரே கூண்டு, மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை 50 காடைகளுக்குப் போதும்.

முடிவுரை

ஒரே வீட்டில் இரண்டையும் வளர்க்கலாம். ஒரே கொட்டகையில் கூடாது. காடைக் கூண்டைக் கோழி புகாத தனி இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். தொட்டி, தட்டு, துடைப்பம் எல்லாம் தனித்தனியே வேண்டும். வெளியே மேயாத காடையை முதலில் கவனித்து, பிறகு கோழியிடம் செல்ல வேண்டும். காடை எச்சத்தைக் கோழி கிளறும் குப்பையில் கொட்டாமல் மூடி மட்கவிட வேண்டும். ஒருங்கிணைந்த பண்ணைய மாதிரிகளில் கோழிக் கொட்டகையின் மேல் காடைக் கூண்டை அடுக்கும் முறையைக் கைவிட வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும்.

அரியூருக்கு அருகே குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. இவையும் பிற விரிவாக்க நிறுவனங்களும் காடை வளர்ப்புக் கையேடுகளைத் திருத்த முன்வர வேண்டும். ‘காடைக்குத் தடுப்பூசி தேவையில்லை’ என்று அச்சிடும் இடங்களிலெல்லாம், ‘ஆகையால் அதைக் கோழியோடு சேர்க்காதீர்கள்’ என்ற வரியும் அடுத்து அச்சாக வேண்டும்.