விலக்கி வைத்தலின் வரலாறு: விக்டோரியா கப்பல்துறையும் சிலிக்கான் சில்லும்

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 4.06 மணிக்குப் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது பெருவெடிப்பு. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலும் பதிவாயிற்று. உயிரிழந்தோர் 800 முதல் 1,300 வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. அவர்களுள் தீயணைப்பு வீரர்கள் 66 பேர். ஏப்ரல் 14 தேசியத் தீயணைப்பு நாளாக நினைவுகூரப்படுவது இதனாலேயே.

கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் பருத்திப் பொதிகளும் ஏற்றப்பட்டன. அபாயச் சரக்கை அறிவிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. பருத்தி கனன்றது, வெடிபொருள் அருகிலிருந்தது. இரண்டையும் ஒரே கப்பலில் அடுத்தடுத்து வைத்த போர்க்கால அவசரமே பேரழிவின் வேர்.

நுண்மின் இயந்திரக் கருவிகளில் ஆற்றல்மிகு பொருள்களை இணைப்பது பற்றிப் படிப்போர் இந்நிகழ்வை ஏன் படிக்க வேண்டும்?

இத்துறையின் வேர்களுள் ஒன்று 1895-இல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் காப்புரிமை பெற்ற தெர்மைட் வினை. அலுமினியமும் உலோக ஆக்சைடும் வினைபுரிந்து எழும் வெப்பத்தால் இன்றும் நம் தண்டவாளங்கள் பற்றவைக்கப்படுகின்றன. நூறாண்டுகளுக்குப் பின், அதே வினைப்பொருள்கள் நானோ அளவில் சில்லுகளின் மேல் படிந்தன. பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள லாஸ் ஆய்வகம் முதலியவை, சிறு செயற்கைக்கோள்களைத் திருப்பும் திட எரிபொருள் நுண்ணுந்திகளை உருவாக்க முனைந்தன.

அளவு குறையக் குறையப் பரப்பு கன அளவை விஞ்சுகிறது. வெப்பம் சுவர்வழியே கசிந்து சுடர் அணைந்துவிடுகிறது. சிலிக்கானோ வெப்பத்தை நன்கு கடத்துவது. ஆகவே சூடேற்றியை மெல்லிய சவ்வின் மேல் அமைத்தனர். ஆய்வேடுகள் விரிவாகப் பேசுவது இச்சிக்கலையே. மறுபக்கச் சிக்கல் குறைவாகவே பேசப்படுகிறது. கிடங்கில் தூரத்தால் கிட்டும் பாதுகாப்பு, சில மைக்ரான் இடைவெளியில் கிட்டாது. தூண்டியையும் முதன்மைப் பொருளையும் பிரிக்கும் தடையை வடிவமைப்பிலேயே வைத்தாக வேண்டும்; ஒரே பிழையால் அது விலகிவிடலாகாது.

மைக்ரோகிராம் அளவுக்கு இத்தனை எச்சரிக்கை தேவையா எனச் சிலர் வினவுவர். தூண்டி எப்போதும் சிறியதே. அதன் வேலையே பெரியதொன்றைத் தொடங்கி வைப்பது. அன்று தொடக்கம் பருத்தியின் கனல் மட்டுமே.

நம் ஆய்வகங்களில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் கையொப்பமிடும் படிவமாகச் சுருங்கிவிட்டது. பாடத்திட்டத்தில் ஒரு வகுப்பேனும் 1944-க்கு உரியதாக வேண்டும். செம்பூரிலிருந்து கிழக்கு விரைவுச்சாலையில் தெற்கே செல்லும் மாணவர் அத்துறைமுக நிலத்தை ஒட்டியே கடக்கிறார். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நமக்கும் அது தொலைவில் இல்லை.