சமநிலைப் பரஸ்பர நிதி

சமநிலைப் பரஸ்பர நிதி என்பது, பலருடைய சிறுசேமிப்பை ஒன்றாகத் திரட்டி, அதில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்குகளிலும் மறு பகுதியை அரசாங்கக் கடன் பத்திரம் முதலிய நிலைவட்டி தரும் சாதனங்களிலும் முன்கூட்டி அறிவித்த விகிதாசாரப்படி முதலீடு செய்து, லாப நஷ்டத்தை யூனிட் கணக்கில் பங்கிட்டளிக்கும் ஏற்பாடாகும். இ.டி.எஃப். என வழங்கும் நிதி, நிஃப்டி, சென்செக்ஸ் போன்றதொரு குறியீட்டெண்ணில் அடங்கிய பங்குகளையோ, தங்கத்தையோ, கடன் பத்திரங்களையோ வாங்கி வைத்துக்கொண்டு, தன் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையிலேயே விற்கவும் வாங்கவும் விடுவது. முதுமைக் காலத்துக்காக நெடுங்காலம் சேமிப்போருக்கு இவ்விரண்டும் இன்று அதிகமாக எடுத்துச் சொல்லப்படுகின்றன.

1799 அக்டோபர் 16-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும், அதற்கு வடக்கே தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பஞ்சாலைக்கும் பேர்போன கோவில்பட்டியும் அமைந்த கரிசல் பூமி, சமநிலை நிதியின் தத்துவத்தை அதன் பெயர் அறியாமலே நெடுங்காலமாக அனுசரித்து வந்த பிரதேசமாகும். வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பிய மானாவாரிப் புஞ்சையில் பருத்தியை மட்டும் விதைத்தவன், மழை பொய்த்த ஆண்டிலும் விலை வீழ்ந்த ஆண்டிலும் போட்ட முதலையே இழப்பான் ஆதலால், பருத்திக்கு ஊடே உளுந்தோ பாசிப்பயறோ விதைத்து, பருத்தி வெடிக்குமுன்பே பயற்றை எடுத்து வீட்டுச் செலவைச் சமாளிப்பது அப்பகுதிச் சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வழக்கம். பருத்தியின் இடத்தில் பங்கையும் உளுந்தின் இடத்தில் கடன் பத்திரத்தையும் வைத்தால் சமநிலை நிதியின் கருத்து விளங்கிவிடும். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு: எத்தனை சால் பருத்தி, எத்தனை சால் உளுந்து என்பதைச் சம்சாரி தன் கண்ணாலேயே பார்க்கிறான், நிதியில் பணம் போட்டவனோ அதைப் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அச்சொல் எவ்வளவு உண்மையாகச் சொல்லப்பட்டது என்பதே இந்நிதியின் இந்தியச் சரித்திரம் என்று கூறலாம்.

நிலம், நகை, சீட்டு, தபால் நிலையச் சேமிப்பு, வட்டிக்குக் கொடுத்த பணம் ஆகியவற்றோடு பெற்ற பிள்ளைகளையுமே முதுமைக்கு ஆதாரமாகக் கொண்டிருந்த இப்பகுதிக்கு, ஓய்வுக்காலச் சேமிப்பு என்ற தனிப்பட்ட கருத்து ஆலைகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் சேமநிதிச் சட்டம் ஆரம்பத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டபோது ஜவுளி அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய பெண்களும், புஞ்சைச் சம்சாரிகளும், கடை வைத்திருந்தவர்களும் அச்சட்டத்துக்குப் புறம்பே நின்றனர். இத்தகையோரின் சேமிப்பையே 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய பல நிதி நிறுவனங்கள் தமிழகம் எங்கும் வாரிச் சென்றன. அதன் விளைவாகவே 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்கென மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

மேல்நாட்டில், சிறு முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிப் பல பத்திரங்களில் பரப்பும் முறை 1868-இல் லண்டனில் தோன்றிய ஃபாரின் அண்டு கொலோனியல் டிரஸ்டுடன் உருப்பெற்றது. பங்கையும் கடன் பத்திரத்தையும் ஒரே நிதியில் கலந்து வைக்கும் முறைக்கு, அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் வால்டர் மார்கன் 1929-இல் நடத்தத் தொடங்கி, பின்னர் வெலிங்டன் நிதி எனப் பெயர் பெற்ற ஸ்தாபனமே முன்னோடி. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் சந்தை சரிந்தபோது, பங்கு மட்டுமே வைத்திருந்த நிதிகள் பல அழிந்துபோக, இந்நிதி பிழைத்து நின்று இன்றளவும் இயங்கிவருகிறது.

இந்தியாவில், தமிழரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சராக இருந்த காலத்தில், 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா ஸ்தாபிக்கப்பட்டு, 1964 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டுகளுடன் 'யூ.எஸ்.64' திட்டம் வெளியாயிற்று. முதல் ஆண்டில் 6.1 சதவீத டிவிடெண்டு தந்த அத்திட்டம், பாங்கு வைப்புத் தொகைக்குச் சமமான பாதுகாப்புடையது என்ற நம்பிக்கையை மக்களிடம் நாளடைவில் ஊன்றியதால், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தங்கள் பணிக்கொடையைச் சிறிதும் தயங்காமல் அதில் இட்டனர். பிற்காலத்தில் அதன் கையிருப்பில் பெரும்பகுதி பங்குகளாக மாறிவிட்ட செய்தி இவர்களுக்கு எட்டவில்லை. எட்டுவதற்கு வழியும் இல்லை. ஏனெனில், யூனிட்டின் விலை கையிருப்பின் அன்றாடச் சந்தை மதிப்பை ஒட்டி அமையாமல், நிர்வாகம் நிர்ணயித்தபடி மாதந்தோறும் சீராக ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பொருள் தேய்ந்தபோதும் வெளியே எழுதிய விலை ஏறியது என்பதே அத்திட்டத்தின் மூலநோய்.

2001 ஜூலை 2-ஆம் தேதி யூனிட்டுகளின் விற்பனையும் மீள்கொள்முதலும் ஆறு மாத காலத்துக்கு நிறுத்தப்பட்டன. பிறகு சிறு முதலீட்டாளர்களுக்கு 3,000 யூனிட் வரையில் 10 ரூபாய் விலை வாக்களிக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டு இறுதியில் முதன்முறையாக வெளியிடப்பட்ட உண்மை மதிப்போ யூனிட்டுக்கு 6 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்தது. இடைவெளியை அரசாங்கம், அதாவது வரி செலுத்தும் பொதுஜனம், ஏற்க நேர்ந்தது. 2002-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டு, 2003-இல் அந்த ஸ்தாபனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கலப்பு முதலீடு என்ற முறை இதனால் தோல்வியுற்றது என்று சொல்வது தவறு. கலப்பின் அளவையும் மதிப்பையும் மறைத்து வைத்ததே வீழ்ச்சிக்குக் காரணம்.

இதற்கிடையே 1993-இல் தனியார் துறைக்கு அனுமதி கிடைத்து, சென்னையிலிருந்து கோத்தாரி பயனீயர் முதல் தனியார் நிதி ஸ்தாபனமாகப் புறப்பட்டது. யூனிட் டிரஸ்ட் 1994-இலும், கோத்தாரி பயனீயர் 1997-இலும் ஓய்வுக்காலத்துக்கென்றே தனித் திட்டங்கள் வகுத்தன. இரண்டிலும் பங்கின் அளவு 40 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற வரம்பு இருந்தது. ஆனால் 'சமநிலை' என்ற பெயருடன் மிகுதியாக விற்பனையான நிதிகள் வேறு பாதையில் சென்றன. பங்கு நிதிகளுக்கு உரிய வரிச் சலுகையைப் பெறப் பங்கின் அளவு 65 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2006-இல் விதி மாறியதும், ஏறத்தாழ எல்லாச் சமநிலை நிதிகளும் அந்த அளவுக்கு மேல் பங்குகளை ஏற்றிக்கொண்டன. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தே கிடக்க, பெயர் மட்டும் சமநிலை என்று நின்றது. போதாக்குறைக்கு, ஓய்வு பெற்றோரிடம் இவை மாதாந்தர டிவிடெண்டு தரும் திட்டங்களாக எடுத்துக் கூறப்பட்டன. அந்த டிவிடெண்டு தம்முடைய முதலின் மதிப்பிலிருந்தே கழிக்கப்படுவது என்பதை அறிந்தவர் சிலரே.

இக்குழப்பத்துக்கு முடிவுகட்டும் முறையில், பங்குச் சந்தையையும் பரஸ்பர நிதிகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபி 2017 அக்டோபரில் வகைப்பிரிவை வெளியிட்டது. அதன்படி, பங்கு 10 முதல் 25 சதவீதம் வரை உள்ளது கன்சர்வேட்டிவ் ஹைபிரிட். 40 முதல் 60 வரை உள்ளது மட்டுமே பாலன்ஸ்டு ஹைபிரிட். 65 முதல் 80 வரை உள்ளது அக்ரெசிவ் ஹைபிரிட். ஓய்வுக்கால நிதி என்ற பெயரில் வருவதற்கு ஐந்தாண்டு அல்லது ஓய்வு வயது, இவற்றில் எது முந்தியதோ அதுவரை பணத்தை எடுக்கவியலாத கட்டுப்பாடு வகுக்கப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் டிவிடெண்டு என்ற சொல்லே விலக்கப்பட்டு, வருமானப் பகிர்வுடன் முதலையும் திரும்பப் பெறுதல் என்னும் பொருள்படும் நீண்ட பெயர் கட்டாயமாக்கப்பட்டது. உண்மையைச் சொல்லும் பெயர் நீண்டிருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

இ.டி.எஃப். இந்தியாவுக்கு வந்தது, யூ.எஸ்.64 முடங்கிய அதே 2001-ஆம் ஆண்டின் இறுதியில், பெஞ்ச்மார்க் நிதி வெளியிட்ட நிஃப்டி பீஸ் வாயிலாக. பங்கைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் இதற்கு வேண்டியதில்லை ஆதலால் செலவு குறைவு. தங்கத்துக்கு 2007-இலும், பொதுத்துறைக் கடன் பத்திரங்களுக்கு 2019-இல் பாரத் பாண்டு என்ற பெயரிலும் இவ்வகை நிதிகள் ஏற்பட்டன. ஆயினும் ஆரம்பத்தில் பல ஆண்டுகள் இ.டி.எஃப்.பைச் சீந்துவோர் இல்லை. 2015 ஆகஸ்டில் தொழிலாளர் சேமநிதி ஸ்தாபனம், புதிதாக வரும் தொகையில் 5 சதவீதத்தை இ.டி.எஃப். வழியாகப் பங்குகளில் இடத் தொடங்கி, இரண்டாண்டுகளில் அதை 15 சதவீதமாக உயர்த்தியதும் நிலைமை மாறியது. ஆகவே கோவில்பட்டிப் பஞ்சாலையில் சேமநிதி (பி.எஃப்.) பிடிக்கப்படும் தொழிலாளி, தானறியாமலே, புது வரவில் 15 பங்கு பருத்தியும் 85 பங்கு உளுந்துமாக விதைத்த ஒரு சமநிலை நிதியின் உரிமையாளனாகிவிட்டான். பி.எஃப். இல்லாத தீப்பெட்டித் தொழிலாளிக்கும் வியாபாரிக்கும் 2009 மே முதல் தேசிய ஓய்வூதியத் திட்டம் திறந்திருக்கிறது. அதன் மிதமான தானியங்கித் தெரிவில் 35 வயது வரை பாதியாக உள்ள பங்கின் அளவு, ஆண்டுக்கு 2 சதவீதமாகக் குறைந்து, 55 வயதில் 10 சதவீதத்துக்கு வந்துவிடும்.

சமநிலை நிதியின் உள்ளார்ந்த வேலை, விகிதாசாரத்தை இடையிடையே மீட்டமைப்பதாகும். நூறு ரூபாயில் 60 பங்கிலும் 40 கடன் பத்திரத்திலும் இருக்க, பங்கு 90 ஆக ஏறினால் மொத்தம் 130 ஆகும். அதில் 60 சதவீதம் 78 ஆதலால், 12 ரூபாய்ப் பங்கை விற்றுக் கடன் பத்திரம் வாங்கப்படுகிறது. வீழ்ச்சியில் இதற்கு எதிரிடையாக நடைபெறும். ஏறும்போது வாங்கி இறங்கும்போது அஞ்சி விற்கும் மனித சுபாவத்தை விதியினால் தடுப்பதே இதன் பெரும் பயன். தனித்தனி இ.டி.எஃப்.களை வாங்கிச் சேர்ப்பவர் இவ்வேலையைத் தாமே செய்ய வேண்டும். அதோடு யூனிட்டுகளை மின்னணு முறையில் வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கும் வேண்டும். நாள்தோறும் நல்ல அளவில் கைமாறாத இ.டி.எஃப்.பை விற்கும்போது உண்மை மதிப்புக்குக் குறைவாகவே விலை கிடைக்கலாம்.

நிர்வாகத்துக்காக நிதி ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளும் செலவு வீதத்தை அற்பமென்று தள்ளுவோர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு லட்சம் ரூபாய் 30 ஆண்டுகளில் 10 சதவீத வளர்ச்சியில் சுமார் 17.4 லட்சமாகும், செலவினால் ஒரு சதவீதம் குறைந்து 9 ஆனால் சுமார் 13.3 லட்சமே ஆகும். இடைத்தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரி முதல் பரஸ்பர நிதிகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு நிதியும் தன் பங்கு, கடன் பத்திர அளவையும் செலவு வீதத்தையும் மாதந்தோறும் ஃபேக்ட்ஷீட் என்ற தாளில் அச்சிட்டு வெளியிடுகிறது. யூ.எஸ்.64-இல் பணம் போட்ட அந்த ஆசிரியர்களுக்குக் கிட்டாதது அத்தாள். கரிசல் சீமையின் வாசகர் அதைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.