காம்பராவுக்கு வந்த கோமாளிகள்

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, ‘த்ரீ ஸ்டூஜஸ்’ என்ற பழைய நகைச்சுவைக் குழுவின் வாழ்க்கையைப் படமாக ஒளிபரப்பியது. மோ, கேர்லி, ஷெம்ப் மூவரும் அண்ணன் தம்பிமார், லாரி வெளியாள். 1934இலிருந்து கொலம்பியா நிறுவனத்துக்கு 190 குறும்படங்கள் நடித்துக் கொடுத்த குழு அது. அந்தப் படங்கள் பிறகு தொலைக்காட்சியில் ஓடிச் சம்பாதித்த காசு அவர்கள் கைக்கு வரவில்லை. கேர்லி பக்கவாதத்தில் விழுந்து 1952இல் செத்துப் போனார். கண்ணைக் குத்திக்கொண்டு சிரிக்க வைத்தவர்களின் வரவு செலவைத்தான் அந்தப் படம் காட்டியது.

இலங்கைத் தமிழருக்கும் இப்படி ஒரு படத்துக்கு ஏற்ற குழு இருந்தது. எழுபதுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தின் நால்வர் அவர்கள். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசும் தமிழில் தடுமாறுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தார். நாலாமவர் ஐயர். அடியும் உதையும் தெரியாத வானொலியில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் போவதே சிரிப்பு.

வேஷப் பொருத்தம்தான் இதில் ருசி. மரிக்காராகப் பேசியவர் எஸ். ராமதாஸ். உபாலி, எஸ். செல்வசேகரன். ஐயர் வேஷத்தில் பி. எச். அப்துல் ஹமீத். இந்து முஸ்லிமாகவும், தமிழர் சிங்களவராகவும், முஸ்லிம் ஐயராகவும் மாறிக்கொண்ட இந்த விளையாட்டை அன்றைய நேயர்கள் ரசித்துக் கேட்டார்கள். அப்புக்குட்டியாக வந்தவர் டி. ராஜகோபால். பாத்திரங்களின் பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டது: மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். அப்துல் ஹமீத் மட்டும் ஐயர் ஆகாமல் தப்பிவிட்டார். அவருடைய அறிவிப்பாளர் பெயர் அதைவிடப் பெரிதாக வளர்ந்ததே காரணமாக இருக்கும்.

இந்தக் குரல்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அங்குள்ள வட்டவளை, நாட்டிலேயே கூடுதலாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். அன்று தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் இல்லை. மலையில் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து, நனைந்த கம்பளியோடு வீடு திரும்புகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் பற்றரியில் ஓடும் ட்ரான்சிஸ்டர்தான். லயத்தின் ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், வைத்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். சுவர் அப்படி.

அந்தச் சிரிப்புக்கு வெளியே காலம் மோசமாக இருந்தது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அப்படி இந்தியாவுக்குப் போக ஹட்டனில் கோச்சி ஏறியவர்கள் வட்டவளை ஸ்டேஷனைத் தாண்டித்தான் தலைமன்னார்க் கப்பலுக்குப் போக வேண்டும். அவர்களில் பலர் நீலகிரித் தேயிலையில் மறுபடி கொழுந்து பறித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் போகாது. முஸ்லிம், சிங்களவர், யாழ்ப்பாணத்தார், ஐயர் என்று நாட்டின் பேச்சையெல்லாம் வரிசையாக நிறுத்திய நாடகத்தில், தோட்டத்து ஆள் அந்த நால்வரில் ஒருவராக இல்லையே, ஏன்? கேலி செய்து வேதனையைக் கூட்ட வேண்டாம் என்று விட்டார்களா? கொழும்பு ஸ்டூடியோவுக்கு லயத்துப் பேச்சு எட்டவே இல்லையா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தோட்டத்தில் கோமாளிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மாசியில் காமன் கூத்து, அதோடு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று இரவு முழுக்க ஆடுவார்கள். கதை இறுகும்போது கோமாளி புகுந்து நிகழ்கால விஷயத்தை இழுத்துக் கிண்டல் பண்ணுவார். அந்த நக்கலுக்கு எழுத்துப் பிரதி கிடையாது. தப்புச் சத்தத்தோடு விடிகாலையில் கரைந்தும் போகும்.

கோமாளிகள் திரைக்கு வந்தது 1976இல். ராமதாஸ் எழுதினார், எஸ். ராமநாதன் இயக்கினார், படத்துக்குப் பெயரும் ‘கோமாளிகள்’தான். அதற்கு முந்திய வருஷம் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரை நாயகராக்கியிருந்தது. மலையகத்தார் திரையில் தங்களைப் பார்த்தது சோகக் கதையில். சிரிப்புக் கதையில் வேறு ஊராரைத்தான் பார்த்தார்கள்.

அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அதன் கோபுரம் நுவரெலியாவின் பிதுருதலாகலை உச்சியில் ஏறியது. அடுத்த வருஷமே தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம். உபாலியும் மரிக்காரும் ஐயரும் ஒரே அறையில் சண்டை பிடித்துச் சிரிக்க வைத்த உலகத்தை அதன் பின் எழுதுவது லேசான காரியமாக இருக்கவில்லை.

செல்வசேகரன் 2012இல் காலமானார். ராமதாஸ் 2016இல் சென்னையில். நால்வரின் கதையை யாராவது தொலைக்காட்சிப் படமாக்கப் புறப்பட்டால், நடிகர்களுக்குத் தோற்றப் பொருத்தம் பார்த்து மெனக்கெட வேண்டியதில்லை. நேயர்கள் அறிந்தது குரல்களைத்தான். நாலு வட்டாரத் தமிழையும் பிசகாமல் பேசத் தெரிந்த நாலு பேரைத் தேட வேண்டும். ஐந்தாவதாக ஒரு பாத்திரத்தையும் எழுதினால் நல்லது: காம்பராவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஆள். அவர் பேச்சை எழுத மலையகத்தில் இன்று ஆட்கள் இருக்கிறார்கள்.