அறுவைக்கு முந்திய பொழுது

அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தி பிடித்த கைகளின் வரலாற்றையே எழுதிச் செல்வர். எந்த ஆண்டில் எந்த மருத்துவர் எம்முறையைக் கண்டார் என்பதே அங்குச் செய்தி. மேசைமீது கிடந்தவர் யார், அங்கு வந்து கிடப்பதற்குமுன் அவருக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன மறைக்கப்பட்டது என்பன அடிக்குறிப்பில்கூட இடம்பெறுவதில்லை. மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை அறுவைக்குக் காத்திருந்த பெண்ணின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு கதை புலப்படுகிறது. வலி குறைந்துவந்த கதைதான் அது. ஆயினும், வலி குறைந்த அக்காலத்திலேயே பெண்ணின் சொல்லும் குறைந்துபோயிற்று.

ஃபேனி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை 1810ஆம் ஆண்டில் தம் கணவரோடு பாரிசில் வாழ்ந்துவந்தார். கணவர் தார்ப்ளே பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பர்னியின் மார்பில் வலி தோன்றிற்று. ஓராண்டுக் காலம் மருந்துகளால் ஆற்ற முயன்றும் பயனில்லை. நெப்போலியனின் படைமருத்துவர் எனப் புகழ்பெற்ற லாரேயும், பேரரசிக்குப் பேறுகாலம் பார்த்த துபுவாவும், வேறு சிலரும் கூடி ஆராய்ந்து, அறுவையன்றி வழியில்லை என முடிவு செய்தனர். மயக்க மருந்து அறியப்படாத ஐரோப்பா அது. பெரிதும் துன்புற நேரும் என்பதைத் துபுவா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அலறலை அடக்க வேண்டா என்றும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது.

நாள் குறிக்கப்பட்டது, ஆனால் அந்த நாள் பர்னிக்குத் தெரிவிக்கப்படவில்லை. முன்கூட்டியே அறிந்தால் அச்சம் மிகும் என்பது மருத்துவர்களின் எண்ணம். நான்கு மணி நேரத்திற்கு முன்பாவது சொல்லவேண்டும் என்று வற்புறுத்தி, அவ்வளவில் ஒரு வாக்கைப் பெற்றார் பர்னி. அந்த நான்கு மணி நேரம் அவருக்கு எதற்கு? கணவர் அக்காட்சியைக் காணக்கூடாது; ஆகவே, அலுவல் காரணம் காட்டி அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பும் ஏற்பாட்டை அவர் செய்யவேண்டியிருந்தது. கத்திக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க இருந்த பெண், பிறர் மனம் நோகாதிருக்க வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்! நம் வீட்டுப் பெண்களை அறிந்தவர்க்கு இது வியப்பாயிராது.

1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அது. ஒருவருக்கு நேரம் வாய்க்காமையால் அறுவை பிற்பகல் 3 மணிக்குத் தள்ளிப்போயிற்று. அந்த இடைவேளைதான் கொடியது. கூடத்திற்குள் சென்ற பர்னி, அங்கே குவித்து வைக்கப்பட்டிருந்த கட்டுத்துணிகளையும் ஒத்தடத் துணிகளையும் பஞ்சையும் கண்டு தலைசுற்றிப் போனார். உணர்ச்சி மரத்துப்போகும்வரை அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். பின்னர் அமர்ந்து, ஒருவேளை தாம் பிழைக்காவிடில் சேரவேண்டிய சில வரிகளைக் கணவருக்கும் மகனுக்கும் எழுதிவைத்தார். கருப்புடை அணிந்த எழுவர் முன்னறிவிப்பின்றி உள்ளே புகுந்தனர். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை போடப்பட்டது. அதனூடே அனைத்தும் தெரிந்தன; பளபளத்த எஃகும் தெரிந்தது. ஏறத்தாழ 20 நிமிடங்கள் அவர் விழிப்போடு அதைத் தாங்கினார்.

பர்னி பிழைத்தார். அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840இல் 87ஆம் வயதில் மறைந்தார். ஆனால் பல மாதங்கள்வரை அந்நாளைப் பற்றிப் பேசவும் அவரால் இயலவில்லை. தம் தமக்கைக்கு அந்நிகழ்ச்சியைக் கடிதமாக எழுதத் தொடங்கியவர், எழுதும்போதெல்லாம் தலைவலி கண்டு இடையிடையே நிறுத்தி, 1812இல்தான் அதனை முடித்தார். நோயாளியின் வாய்மொழியாக மருத்துவ வரலாற்றுக்குக் கிட்டிய அரும்பெரும் ஆவணங்களுள் அது ஒன்று.

பர்னி இவ்வாறு துன்புற்றதற்கு ஏழாண்டுகள் முன்னரே, உலகின் மறுகோடியில் ஒருத்தி வலியறியாமல் இதே அறுவைக்கு உட்பட்டிருந்தாள் என்பது வரலாற்றின் விந்தை. ஜப்பானில், இன்றைய வாக்கயாமா மாநிலத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஹனவோக்கா செய்ஷூ என்னும் மருத்துவர், 1804ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், 60 வயது மூதாட்டி ஒருவரை மூலிகைக் குடிநீரால் உறங்கச் செய்து மார்புக் கட்டியை அகற்றினார். அம்மருந்தின் முதன்மைச் சரக்கு வேறெதுவுமன்று. நம் வேலியோரம் பூக்கும் ஊமத்தையே. அளவு தவறின் உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. அந்த அளவைக் கண்டறிய ஹனவோக்கா ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்தார். அச்சோதனைக்குத் தம்மைத் தந்தவர்கள் அவருடைய தாயும் மனைவியுமே. மனைவி கண்பார்வையை இழந்தார். 150க்கு மேற்பட்ட பெண்களுக்கு ஹனவோக்கா இவ்வறுவையைச் செய்தார். எனினும், ஜப்பான் அந்நாளில் தன் கதவுகளை அடைத்திருந்தமையால் பாரிசில் ஒருவர் செவிக்கும் அச்செய்தி எட்டவில்லை.

1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் மெய்ப்பிக்கப்பட்டது. 1867இல் லிஸ்டர் கிருமியொழிப்பு முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் மருத்துவர்க்குக் காலத்தைத் தந்தன. அவசரமின்றி, ஆழமாக, அகலமாக அறுக்க இயன்றது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்பார் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றும் முறையை வகுத்து, 50 பெண்களைப் பற்றிய அறிக்கையை 1894இல் வெளியிட்டார். வேரோடு களைந்தால் நோய் மீளாது என்பது அவர் துணிவு. விலா எலும்பு தெரியுமளவு குழிந்த மார்போடும், வீங்கிய கையோடும் வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் இம்முறையே சட்டம்போல் நின்றது.

இதனினும் நுட்பமான ஒரு மாற்றம் 1905இல் நேர்ந்தது. வெட்டியெடுத்த திசுவை அப்பொழுதே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய வழியை வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். நல்ல கருவிதான். ஆனால் அது பயன்பட்ட விதத்தைப் பாருங்கள். கட்டி கண்ட பெண் மருத்துவமனைக்கு வருவாள், திசு எடுப்பதற்கும் மார்பகத்தை அகற்றுவதற்கும் சேர்த்தே ஒரு தாளில் கையெழுத்திடுவாள், மயக்கத்தில் ஆழ்வாள். அவள் உறங்கும்போதே சோதனை நடக்கும். நோய் உறுதியானால் அங்கேயே அறுவையும் நடந்தேறும். கண் விழித்து மார்பைத் தடவிப் பார்த்தே அவள் தன் நோயை அறிவாள். பர்னிக்கு நான்கு மணி நேரமாவது இருந்தது. தமக்கு நேரப்போவது இன்னதென அவர் அறிந்திருந்தார். நூற்றறுபது ஆண்டுகள் கழித்து வாழ்ந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. வலியை நீக்கிய அதே உறக்கம் அவளுடைய அறிவையும் ஒப்புதலையும் எடுத்துக்கொண்டது.

இவ்வழக்கத்தை எதிர்த்தவர்களுள் முன்னின்றவர் ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். 1974 ஜூன் மாதத்தில் தம் மார்பில் கட்டியைக் கண்ட அவர், நூலகத்திற்குச் சென்று கிடைத்ததையெல்லாம் படித்தார். திசுச் சோதனை மட்டும் செய்துவிட்டு, முடிவைத் தம்மிடம் சொல்லுமாறு கேட்டார். அவ்வளவு எளிய வேண்டுகோளுக்கு இசையும் மருத்துவரைக் கண்டுபிடிக்க அவர் பலரிடம் அலைய வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அந்தப் பழைய முறையிலேயே அறுவை நடந்தது. அதைத் தடுக்க எண்ணி வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் பேசிய குஷ்னருக்குக் கிடைத்த மறுமொழி, குடியரசுத் தலைவர் முடிவு செய்துவிட்டார் என்பது. நோய் மனைவிக்கு, முடிவு கணவருக்கு! எனினும், பெட்டி ஃபோர்டைக் குறைகூற ஒன்றுமில்லை. வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய நோயை நாடறியச் சொன்னவர் அவர். அவர் பேச்சால் தம் உடலைச் சோதித்துக்கொண்ட பெண்கள் பல்லாயிரவர்.

1979 ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழுவில் மருத்துவரல்லாத ஒரே உறுப்பினராகக் குஷ்னர் அமர்ந்தார். சோதனையும் அறுவையும் தனித்தனி நாட்களில் நடைபெறுதல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1985இல் பெர்னார்டு ஃபிஷர் குழுவினரின் ஆய்வு முடிவு வெளிவந்தது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், உயிர் பிழைப்போர் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்பது அதன் சாரம். 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னர் 2002இலும் அம்முடிவு மாறவில்லை. அவசரமும் ஆழ்ந்த வெட்டும் பெண்களைக் காத்தன என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லாமற்போயிற்று.

இன்று ஊசியால் திசு எடுக்கப்படுகிறது, பெண் விழித்திருக்கிறாள், முடிவைக் கேட்டு வீட்டுக்குப் போகிறாள். பலருக்கு அறுவைக்கு முன்பே சில மாதங்கள் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்கின்றனர். அந்நாட்களில் முடி கொட்டும், வாய் கசக்கும், உடல் தளரும். ஆனால் கேள்வி கேட்க, இரண்டாம் மருத்துவரை நாட, வீட்டாரோடு கலந்துபேச அந்நாட்கள் இடந்தருகின்றன. நம் மலேசியாவில் கட்டியைக் கண்டபின்னும் வாய் திறவாமல் காலங்கடத்தும் பெண்கள் இன்னும் பலர். கத்தியின் அச்சம் ஒருபுறம். நம்மைக் கேட்காமலே எல்லாம் நடந்துவிடும் என்ற அச்சம் மறுபுறம். பின்னதற்குக் காரணம் இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை மாணவியர்க்குச் சொல்லவேண்டும். அது மாறிய விதத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

குஷ்னர் 1990இல் அந்நோயினாலேயே மறைந்தார். அவருடைய நூல் முதலில் வெளிவந்தது 1975இல். பர்னியின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் பல தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டபோது, பாரிசில் எழுதிய அந்த நெடிய கடிதம் அடங்கிய தொகுதி அச்சேறியதும் அதே 1975இல்தான்.